என் மிஷின்ல ஓடுதே

நவம்பர் 19, ஞாயிறு

ஊர் பார்ப்பதற்காக, நான் செய்கிற கேம் எப்படி வளர்கிறது என்று இணையத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதிவருகிறேன். அதில் எல்லாம் அமோகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் படிக்கிற நாலு பேரில் ஒருத்தன் நான். நிஜத்தையும் எங்கேயாவது கொட்டித் தொலைக்க வேண்டும் என்பதால் இன்றிலிருந்து இது.

விஷயம் இதுதான். வேலையை விட்டுவிட்டு ஒரு வருடமாகத் தமிழில் ஒரு விஷுவல் நாவல் செய்துகொண்டிருக்கிறேன். சொந்தக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் கம்ப்யூட்டர் கேம். ஆனால் யாரும் ஓட மாட்டார்கள், சுட மாட்டார்கள். படம் நிற்கும், கீழே வசனம் வரும், நடுநடுவே 'நீ என்ன சொல்வாய்?' என்று இரண்டு மூன்று பதில்கள் வரும். ஆடுகிறவர் எதைத் தொடுகிறாரோ அதன்படி கதை திரும்பும். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட என் மாமனார், "செரீங் மாப்ள, அப்ப வேலைக்கு எப்பங் போறீங்?" என்றார்.

கேமின் பெயர் 'பஸ் வரும் வரை'. மழை நாளில் ஹோப் காலேஜ் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தனும் ஒருத்தியும் நிற்கிறார்கள். அவள் பெயர் யாழினி. நானும் சுகந்தியும் முதலில் பேசிக்கொண்டதும் அதே ஸ்டாப்பில், அதே மாதிரி மழையில் என்பது தற்செயல். யாழினி சுகந்தி இல்லை. சுகந்திக்கு அவ்வளவு நீளமான முடி கிடையாது.

சுகந்தி என் மனைவி. சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்க மாதச் சம்பளம் வாங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சேவையை எனக்கு இலவசமாகச் செய்கிறாள். கோழிக் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, ஹால் தரையில் சம்மணம் போட்டு, முதல் வேலையில் சேர்ந்தபோது வாங்கிய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த வாரத்துப் பதிப்பை ஆடிப் பார்ப்பாள். அந்த லேப்டாப்புக்கு பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது. பிளக்கில் சொருகியிருந்தால்தான் உயிர்.

இன்றைய குற்றப்பத்திரிகை. வசனத்தை ஒவ்வொரு எழுத்தாக வரும்படி வைத்திருந்தேன். கேமை ஓட்டுகிற எஞ்சின் என்ற மென்பொருளைச் செய்த புண்ணியவான்களுக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது போலிருக்கிறது. 'கொ' வரவேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தனித்தனியே வந்து சேர்கின்றன.

"யாழினி ஏனுங்க ஒவ்வொரு எழுத்தையும் ஒடைச்சு ஒடைச்சுப் பேசறா?"

"என் மிஷின்ல நல்லா ஓடுதே," என்றேன்.

"நீங்க எங்க முழுசா படிச்சீங்க? ஸ்கிப் பட்டன அமுக்கி அமுக்கித்தான டெஸ்ட் பண்றீங்க."

எழுதினவனே எதற்குப் படிக்க வேண்டும்?

அடுத்தது. "மொத சீன்ல இருந்து அவ நின்னுட்டே இருக்கா. பின்னாடி பெஞ்சு காலியாத்தான் கெடக்குது. ஒருக்கா உக்கார வைக்கக் கூடாதா?"

நான் வரைந்திருப்பது நிற்கிற யாழினி. உட்கார வைத்தால் முழங்கால் வரைய வேண்டும். எனக்கு முழங்கால் வராது. பார்க்கலாம் என்றேன். குழம்பு நன்றாக இருந்தது.

நவம்பர் 22, புதன்

எல்லாக் கோளாறுக்கும் காரணம் ரேம், அதாவது மிஷினின் நினைவகம் போதாததுதான் என்று கண்டுபிடித்துவிட்டேன். காந்திபுரத்தில் சம்பத் அண்ணன் கடைக்குப் போய் இன்னொரு ரேம் குச்சி வாங்கி வந்தேன். சம்பத் அண்ணன் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விற்கிறார். கூடவே அறிவுரையும் தருவார், அதற்கு பில் கிடையாது.

"ஏனுங் தம்பி, எழுத்து ஒடையறதுக்கும் ரேமுக்கும் என்னங் சம்பந்தம்?"

அவருக்கு அந்த அளவு ஆழமாகத் தெரியாது. கடைக்காரர்தானே.

நவம்பர் 23, வியாழன்

புது ரேம் பழைய ரேமோடு ஒத்துப்போகவில்லை. மாமியார் மருமகள் மாதிரி ஒன்று இருந்தால் இன்னொன்று வேலை செய்ய மாட்டேன் என்கிறது. எழுத்து இன்னும் உடைகிறது.

நவம்பர் 26, ஞாயிறு

இரண்டு குச்சியையும் மாற்றிவிட்டேன். மிஷின் பறக்கிறது. சுகந்தியின் லேப்டாப்பில் எழுத்து உடைந்துகொண்டுதான் இருக்கிறது, அது அவள் லேப்டாப்பின் விதி.

இன்று அவள் கண்டுபிடித்தது விசித்திரமான ஒன்று.

"எல்லாச் சாய்ஸும் அவன் என்ன சொல்றாங்கறதுதான் இருக்குது. குடை குடுக்கறேன்னு சொல்லு, பேரச் சொல்லு, ஜோக்கு சொல்லு. அவளக் கேளுன்னு ஒண்ணு கூட இல்லீங்களே."

"எதக் கேக்கறது?"

"எதையாச்சும். எங்க போறே, குளுருதா, என்ன நெனைக்கிறே... ஒரு பொண்ணு ஒரு மணி நேரமா நிக்கறா. யாருமே ஒண்ணும் கேக்கல."

அது பிழையில் வராது, புதுக் கோரிக்கை, அதற்கென்று தனி வரிசை இருக்கிறது என்று விளக்கினேன். அவள் தொழிலில் உள்ளவள், புரிந்திருக்கும்.

பிறகு குழம்பைக் கிளறிக்கொண்டே, புனேயில் அவள் கம்பெனி புது டீம் ஆரம்பிக்கிறதாம், அவளை லீடாகப் போகச் சொல்கிறார்களாம், டிசம்பர் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம் என்றாள். "நீங்க எங்கிருந்து வேணா கேம் பண்ணலாம்ல? ரெண்டு பேரும் போலாம்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

மூன்றாம் அத்தியாயத்தில் கேம் தானாக மூடிக்கொள்கிறது. அது முதலில் சரியாகட்டும் என்றேன்.

டிசம்பர் 1, வெள்ளி

மழை நிஜம் மாதிரி இல்லை என்பதுதான் கேமின் அடிப்படைப் பிரச்சினை. எல்லாரும் கதை, கதை என்கிறார்கள். மழை நிஜமாக இருந்தால் கதை தானாக வரும். நல்ல மழைக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். நகைக்கடைப் பக்கம் பார்க்கிற மாதிரி ஒரு வாரமாகச் சம்பத் அண்ணன் கடைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று வாங்கிவிட்டேன்.

"இது கேம் ஆடறவிங்க வாங்கறதுங் தம்பி. நீங்க பண்றதுல படம் நிக்குது, எழுத்து நவுருது. இதுக்கெதுக்குங்?"

சுகந்தியும் வரி மாறாமல் இதையே கேட்டாள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

டிசம்பர் 3, ஞாயிறு

கார்டு கேபினெட்டுக்குள் நுழையவில்லை. கேபினெட் மாற்றினேன். மாற்றினால் பவர் சப்ளை போதவில்லை. அதையும் மாற்றினேன். இப்போது பழைய மிஷினிலிருந்து மிச்சமிருப்பது மவுஸ் மட்டும். புதுப் பெட்டி ஒரு சின்ன ஃபிரிட்ஜ் அளவு இருக்கிறது. உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்கு எரிகிறது. கல்யாண மண்டப வாசல் தோற்றது.

சுகந்தி இந்த வாரப் பதிப்பையும் ஆடினாள். திணறித் திணறி ஓடியதாம். "இன்னும் நின்னுட்டுத்தான் இருக்கா," என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் 6, புதன்

தொழில்நுட்ப வரலாற்றில் இடம்பெற வேண்டிய நாள். காலையில் மழைக் காட்சியை ரெண்டர் போட்டேன். அதாவது ஒவ்வொரு துளியையும் மிஷின் உட்கார்ந்து வரையும், பல மணி நேரம் ஆகும். சுகந்தி குளிக்கப் போய் கெய்சரைப் போட்டாள். டப். வீடே இருட்டு. பாத்ரூமில் இருந்து, "ஏங்க, கண்ணெல்லாம் ஷாம்புங்க!" என்று சத்தம். நான் முதலில் மிஷினைத்தான் பார்த்தேன். பாவம், பாதியில் நின்றுவிட்டது.

வீட்டுக்காரரைக் கேட்டால், "வாடகை வூட்டுக்கு இவ்வளவு லோடுதானுங் வரும், வேணும்னா ஒண்ண நிறுத்திக்குங்," என்றார்.

ஒன்றை நிறுத்திக்கொண்டோம். நானே உட்கார்ந்து ஒரு டைம்டேபிள் தயாரித்து பாத்ரூம் கதவில் ஒட்டினேன். இரவு முழுக்கவும் காலை எட்டு மணி வரையும் ரெண்டர். எட்டுக்கு மேல் கெய்சர் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

சுகந்தி ஏழரைக்கே ஆபீஸ் பஸ் பிடிப்பவள். அது அவள் கம்பெனியின் டைம்டேபிள், நான் என்ன செய்ய முடியும்?

டிசம்பர் 10, ஞாயிறு

மழை வந்துவிட்டது! கண்ணாடியில் வழிகிறது, குடையில் தெறிக்கிறது, யாழினியின் முடியில் முத்து முத்தாக நிற்கிறது. என் வாழ்க்கையில் இவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை.

சுகந்தியின் லேப்டாப்பில் கேம் திறக்கவே இல்லை. கறுப்புத் திரை. அவள் மூன்று முறை முயன்றாள், அப்புறம் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகிப் பார்த்தாள்.

"தெறக்கலீங்க."

"என் மிஷின்ல ஓடுதே!"

"அப்ப கேம் வாங்கற ஒவ்வொருத்தருக்கும் உங்க மிஷினையும் ஒண்ணு பார்சல் பண்ணி அனுப்பிடுங்க."

நல்ல நகைச்சுவை. அவள் லேப்டாப்பை மூடிவிட்டு அடுக்களைக்குப் போனாள். இன்று குழம்பு கொஞ்சம் சீக்கிரமே ஆகிவிட்டது.

டிசம்பர் 13, புதன்

பின்னணி ஒலிப்பதிவு. மூன்று முறை பாழ். பக்கத்து அறையில் சுகந்தி தும்மிக்கொண்டே இருந்தாள். காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தால் குளிருகிறதாம். தும்மல் நிற்கும் வரை ஒலிப்பதிவை ஒத்திவைத்துள்ளேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் இல்லை. டெஸ்ட் செய்ய அவளிடம் தகுதியான மிஷின் இல்லை என்பதால்.

நான் வாட்டர் கூலிங் மாட்டினேன். ரெண்டர் ஓடும்போது கார்டு கொதிக்கிறது, அதனால் குழாய் வழியாகத் தண்ணீர் சுற்றி வந்து அதைக் குளிர்விக்கும். சம்பத் அண்ணன் ஆள் அனுப்புகிறேன் என்றார். இந்த வேலைக்கெல்லாம் ஆள் எதற்கு? குழாயை நானே முடுக்கிவிட்டேன்.

சுகந்தி காபி டம்ளரோடு கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். "கார்டுக்குத் தனியா தண்ணி வசதியெல்லாம் வந்திருச்சுங்களா," என்றாள். பிறகு, "இதப் புனேவுக்கு எப்பிடிங்க தூக்கிட்டுப் போறது?"

"அதானே பிரச்சினை," என்றேன். உண்மையிலேயே அதுதானே பிரச்சினை. ரயிலில் போட்டால் உடையும், லாரியில் போட்டால் குலுங்கும். வேறு எந்தப் பிரச்சினையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 22, வெள்ளி

சுகந்தி புனேக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். முப்பதாம் தேதி ரயில். ஒரு டிக்கெட்.

ரெண்டர் பாதி முடிந்திருக்கிறது.

டிசம்பர் 30, சனி

புது மழைக் காட்சியின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. பஸ் வருகிற இடம். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் ஸ்டேஷன் வரை போக முடியவில்லை, ஆட்டோ வரை போனேன்.

ஒரு பெட்டி, ஒரு பை, தோளில் அந்த லேப்டாப். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபின் சொன்னாள்:

"நீங்க போகாதேன்னு சொல்லல. நானும் வர்றேன்னும் சொல்லல. ரெண்டுல ஒண்ணு சொல்லியிருந்தாச் சண்டையாவது போட்டிருப்பேன். நீ என்ன நெனைக்கிறேன்னு ஒருக்காக் கேட்டிருக்கலாங்க."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "போய்ட்டு போன் பண்ணு," என்றேன். இதுதான் அந்த நேரத்துக்கு வாயில் வந்தது.

உள்ளே வந்து பார்த்தால் ரெண்டர் தானாக நின்றுபோயிருந்தது. பஸ் வரவில்லை.

ஜனவரி 3, புதன்

அற்புதமான அமைதி. தும்மல் இல்லை. குறுக்கே கேள்வி இல்லை. யாரும் கெய்சரைப் போடுவதில்லை என்பதால் மிஷின் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிறது. ஒரு படைப்பாளிக்கு வேறென்ன வேண்டும்?

பாத்ரூம் கதவில் டைம்டேபிள் இன்னும் இருக்கிறது. கிழிக்க நேரமில்லை.

ஜனவரி 7, ஞாயிறு

கேமை முடித்து பெங்களூரில் நடக்கும் ஒரு சின்ன கேம் விழாவுக்கு அனுப்பிவிட்டேன். என் மிஷினில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன். ஸ்கிப்பில். ஒரு தடங்கலும் இல்லை.

ஓட்டலில் கோழிக் குழம்பு பார்சல் வாங்கினேன். கறி கிடைத்தது. குழம்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். சுகந்தி போன் செய்தாள். டீமில் ஆறு பேராம். எல்லாரும் இந்தி பேசுகிறார்களாம். கம்பெனி ஏற்பாட்டில் ஒரு அறையும் சின்ன அடுக்களையும் கொடுத்திருக்கிறார்களாம். குளிர் அதிகமாம். நான் கார்டின் வெப்பநிலை நன்றாகக் குறைந்திருக்கிறது என்று சொன்னேன். இரண்டு பேரும் வெப்பநிலை பற்றிப் பேசியிருக்கிறோம் என்று போனை வைத்தபிறகுதான் உறைத்தது.

ஜனவரி 18, வியாழன்

விழாக்காரர்களிடமிருந்து மெயில். எங்கள் லேப்டாப்புகள் எதிலும் உங்கள் கேம் திறக்கவில்லை, கறுப்புத் திரைதான் வருகிறது, பார்வையாளர்கள் சாதாரண லேப்டாப்பில்தான் ஆடுவார்கள், அதில் ஓடுகிற பதிப்பைப் பிப்ரவரி கடைசிக்குள் அனுப்பினால் பரிசீலிக்கிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

பதில் அடித்தேன்: 'என் மிஷினில் ஓடுகிறதே.' அனுப்பவில்லை. கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன்.

ஜனவரி 20, சனி

காலையில் அறைக்குள் நுழைந்தால் கால் நனைந்தது.

நான் முடுக்கிய குழாய். நான் முடுக்கிய இடத்தில். தண்ணீர் கார்டு மேல் சொட்டி, அங்கிருந்து போர்டுக்கு இறங்கி, அடியிலிருந்த இரண்டு டிஸ்க்கையும் குளிப்பாட்டி, தரைக்கு வந்திருந்தது. விளக்கு மட்டும் நீலமும் சிவப்புமாக இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கேட்டேனே நிஜ மழை, வந்துவிட்டது.

பெட்டியை ஆட்டோவில் வைத்துச் சம்பத் அண்ணன் கடைக்குக் கொண்டுபோனேன். மேஜை நடுங்க இறக்கினோம். திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கார்டக் காய வெச்சுப் பாக்கலாங். டிஸ்க்கு ரெண்டும் போச்சுங். காப்பி எங்கீங் வெச்சிருக்கீங்?"

"ரெண்டாவது டிஸ்க்குதான் காப்பிங்கண்ணா."

"அதே பொட்டிக்குள்ளயா?"

"ஆமாங்."

"சாவிய வூட்டுக்குள்ள வெச்சே வூட்டப் பூட்டிப்போட்டு வந்திருக்கீங்."

இணையத்திலும் ஒரு காப்பி வைத்திருந்தேன். மழை வந்ததும் இடம் போதவில்லை என்று பழையதையெல்லாம் நானே அழித்தேன், அப்படியும் புதுசு அதில் அடங்கவில்லை. விழாவுக்கு அனுப்பியதையாவது திரும்ப வாங்கலாம் என்றால், திறக்காததை எதற்கு வைத்திருப்பார்கள்? அழித்துவிட்டார்களாம். ஆகமொத்தம் ஒரு வருட வேலை, இத்தனை அத்தியாயம், இத்தனை வசனம், எல்லாம் ஒரு வாளித் தண்ணீர் கூட இல்லை, ஒரு சொம்புத் தண்ணீரில் முடிந்தது.

சம்பத் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். "வூட்ல சொல்லீட்டீங்ளா?" என்றார். வீட்டில் யாரும் இல்லை என்றேன்.

ஜனவரி 22, திங்கள்

நேற்று முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று மதியம் அவள் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டேன். மிஷின் போய்விட்டது என்றேன். ஐயோ என்றாள். நல்லா வேணும் என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"உன் லேப்டாப்புல பழைய பதிப்பு எதாச்சும் அழிக்காம இருக்குதா?"

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீங்க குடுத்தது எல்லாமே இருக்குதுங்க. ஒண்ணையும் அழிக்கல."

"தெறக்குதா?"

"என் மிஷின்ல ஓடுதுங்க," என்றாள். குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். "நேத்துக்கூட ஓட்டிப் பாத்தேன்."

"நேத்தா? எதுக்கு?"

"ஞாயித்துக்கெழமல்ல."

அழுதுவிட்டேன். போனைக் கையால் மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். "கேக்குதுங்க," என்றாள்.

ஜனவரி 25, வியாழன்

சுகந்தி டிசம்பர் மூன்றாம் தேதிப் பதிப்பை அனுப்பினாள். அவள் மிஷினில் கடைசியாகத் திறந்தது அது. பிரித்துப் பார்த்தால் கதையும் படங்களும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. மழை மட்டும் இல்லை.

சம்பத் அண்ணன் கடையில் தேடி, சுகந்தியுடையது போலவே ஒரு கிழட்டு லேப்டாப் வாங்கினேன். அதே வயது, அதே மாடல், அதே செத்த பேட்டரி. பெட்டி, கேபினெட், காய்ந்து பிழைத்த கார்டு எல்லாவற்றையும் அவரிடமே தள்ளிவிட்டேன். "எல்லாரும் பழசக் குடுத்துப் புதுசு வாங்குவாங். நீங்க ஒருத்தருதானுங் இப்படி," என்றார்.

மழை இப்போது பத்துப் பன்னிரண்டு வெள்ளைக் கோடுகள். கீழே விழுகின்றன. மழை என்று புரிகிறது, அது போதும்.

ஜனவரி 30, செவ்வாய்

எழுத்து உடைவது சரியாகிவிட்டது. கொம்பையும் காலையும் உயிர்மெய்யோடு சேர்த்தே காட்டு என்று எஞ்சினுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மத்தியானம் ஆனது. இதற்காக ரேம் வாங்கிய மகானுக்கு என் வணக்கங்கள்.

ஸ்கிப் பட்டனை எடுத்துவிட்டு முதல் வரியிலிருந்து படித்தேன். மூன்றாம் அத்தியாயம் வரும்போது எனக்கே அந்தக் கதாநாயகன் மேல் எரிச்சல் வந்தது. என்னமாய்ப் பேசுகிறான்! பேசிக்கொண்டே இருக்கிறான். அவள் பக்கத்திலேயே நிற்கிறாள்.

பிப்ரவரி 3, சனி

முழங்கால்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்றும் முழங்கால். கண்ணாடி முன்னால் முக்காலியில் உட்கார்ந்து என் முழங்காலையே பார்த்து வரைகிறேன். முழங்கால் என்பது இவ்வளவு அசிங்கமான விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

ஒரு புது சாய்ஸ் சேர்த்தேன். 'அவளைக் கேள்.'

அதை அமுக்கினால் யாழினி பதில் சொல்ல வேண்டும். காலையிலிருந்து உட்கார்ந்து எழுதி எழுதி அழித்தேன். பஸ் ஸ்டாப்பில் அவள் என்ன நினைத்துக்கொண்டு நின்றாள்? ஒரு வருடமாக அவளுக்கு வசனம் எழுதுகிறவன் நான். எனக்குத் தெரியவில்லை. தெரிகிற மாதிரி எழுதினால் மறுபடியும் நான்தான் பேசுகிறேன்.

டைம்டேபிளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். வருகிறேன் என்று சொன்னேன். "செரிங்க" என்றாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

புனே. ஒரு அறை, ஒரு ஜன்னல், நல்ல குளிர். காலையில் சுகந்தி கதவைத் திறந்தபோது இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். என் தோளில் பை மட்டும் இருப்பதைப் பார்த்து, "ஃபிரிட்ஜக் கொண்டு வரலீங்களா?" என்றாள். வித்துட்டேன் என்றேன். மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

கோழிக் குழம்பை நான் வைத்தேன். வெங்காயம் கொஞ்சம் கருகியது. அவள் தரையில் சம்மணம் போட்டு லேப்டாப்பைப் பிளக்கில் சொருகி, பென் டிரைவில் நான் கொண்டுபோனதைத் திறந்தாள். கரண்டியை வைத்துக்கொண்டு நான் அடுக்களை வாசலில் நின்றேன். கறுப்புத் திரை. ஒரு நொடி உயிர் போய்விட்டது. பிறகு பஸ் ஸ்டாப் வந்தது.

"ஓடுதுங்க," என்றாள்.

யாழினி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுகந்தி அதைப் பார்த்தாள். அடுத்த வரிக்கு அமுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இதென்னங்க, முழங்காலா சப்போட்டாவா?" என்றாள்.

"சப்போட்டா," என்றேன்.

மூன்றாம் அத்தியாயத்தில் அந்தச் சாய்ஸ் வந்தது. 'அவளைக் கேள்.' விரல் ஒரு கணம் நின்றது. அமுக்கினாள். கீழே கட்டம் வந்தது, யாழினியின் பெயர் வந்தது, வசனம் வரவில்லை. காத்திருந்தாள். வெள்ளைக் கோடுகள் விழுந்துகொண்டிருந்தன.

"டெக்ஸ்ட் காணோங்க. பெரிய பிழை இது."

"பிழையில்ல. அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியல." குரல் உடைந்து உடைந்து வந்தது. எஞ்சினைத்தான் சரிசெய்திருந்தேன். "அதான் கேக்க வந்தேன். நீ என்ன நெனைக்கிறே?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த வரி இருக்கிற கோப்பைத் திறந்து தரச் சொன்னாள். தந்தேன். அந்தப் பக்கம் போய் நில்லுங்க என்றாள். நின்றேன். டைப் அடித்தாள், நிறுத்தினாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது, அணைத்துவிட்டு வந்து அதே இடத்தில் நின்றேன்.

"இப்ப ஓட்டுங்க," என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "ஸ்கிப் பண்ணாம."

ஸ்கிப் பட்டனே இல்லை என்றேன். 'அவளைக் கேள்' அமுக்கினேன். ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றும் உடையாமல், முழுசு முழுசாக வந்தது.

'எனக்குக் குளுருது. டிசம்பர் பூரா குளுருச்சு. பச்சத் தண்ணி வாளியில கைய விட்டுட்டு நெதமும் ஒரு நிமிஷம் நிப்பேன், நீ வந்து பாப்பியான்னு. பாத்திருந்தாப் போதும். நீ டைம்டேபிள் போட்டே.'

அதற்குக் கீழே இன்னும் நிறைய இருக்கிறது. அம்புக்குறியை அமுக்கினால் அடுத்தது வரும். நான் அமுக்கவில்லை. என்ன பதில் சொல்வாய் என்று கேட்கிற இடம் இது. சாய்ஸ் எதுவும் திரையில் இல்லை.

சுகந்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இன்னும் குளிக்கவில்லை. எழுந்துபோய் கெய்சர் சுவிட்சைப் போட்டேன்.

லேப்டாப் அணையவில்லை. திரும்பி வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அடுத்த வரியைப் படித்தேன்.